ராத்திரிக்கும் ஒரு டாக்டர் வேணும்ங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் 11 வருஷமா குட்டி யானை ஓட்டுறேன். பகல்ல செங்கல், வைக்கோல், கல்யாண வீட்டு பாத்திரம், சேர்னு ஏத்துவேன், ராத்திரி பத்து மணிக்கு மேல போன் அடிச்சா அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். பிரசவ வலி, நெஞ்சு வலி, கோவத்துல மருந்து குடிச்சவங்க, பூச்சி கடிச்சவங்கன்னு எங்க சுத்துப்பட்டுல அஞ்சாறு ஊர் ஆளுங்கள ஏத்திட்டுப் போயிருக்கேன். (ராத்திரில நாங்க பாம்புன்னு பேர் சொல்லமாட்டோம், பூச்சின்னுதான் சொல்லுவோம்.) உங்க பேப்பர தினமும் டீக்கடைல படிக்கிறவன், கடிதம் எழுதுறது இதுதான் மொத தடவ, பிழை இருந்தா திருத்திப் போட்டுக்கங்க.

எங்க ஊர்லேருந்து நாலு கிலோமீட்டர்ல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் (பி.ஹெச்.சி) இருக்கு. ஊர் பேரு, ஆஸ்பத்திரி பேரு ரெண்டும் நான் வேணும்னேதான் எழுதல. எழுதுனா அங்க நாள் முழுக்க நின்னு வேல பாக்குற சிஸ்டருக்குத்தான் மெமோ வரும், ஆள் போடாதவங்களுக்கு வராது. தெக்கத்திப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊருன்னு வச்சுக்கங்க, போதும்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன், ஏன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னாலே திட்டுறதுக்குத்தான் லெட்டர் எழுதுறாங்க, எனக்கு அது புடிக்காது. எங்கம்மாவுக்கு சுகரும் பிரஷரும் ஒம்பது வருஷமா இருக்கு. முன்னாடி டவுன்ல தனியார் டாக்டர்கிட்ட போவோம், பீஸ், மாத்திரை, பஸ் செலவு எல்லாம் சேத்து மாசம் ஆயிரத்துக்கு மேல ஆகும், அதனால அம்மா என்ன பண்ணும்னா ரெண்டு வேளை மாத்திரைய ஒரு வேளையா போட்டு மாசத்த ஓட்டிரும், எங்ககிட்ட சொல்லாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சத டிவில பாத்தப்ப இதெல்லாம் நம்ம பக்கம் எங்க வரப்போகுதுன்னுதான் நெனச்சேன். வந்துச்சு. எங்க ஊர் மகளிர் குழுவுல இருக்குற அக்காதான் இப்ப வீட்டுக்கு வந்து பிரஷர் மெஷின் வச்சுப் பாத்து, விரல்ல குத்தி சுகர் பாத்து, மாத்திரையும் குடுத்துட்டுப் போகுது. அம்மா இப்ப ஒழுங்கா முழு மாத்திரை போடுது. கால்ல ஒரு புண்ணு வந்து ஆறாம இருந்தத மொதல்ல கண்டுபுடிச்சு, நீங்க இன்னைக்கே பி.ஹெச்.சிக்கு போகணும்னு அரட்டி அனுப்புனதும் அந்த அக்காதான். பெத்த புள்ள நான், அந்தக் கால தெனம் பாக்குறேன், எனக்கு அது தெரியல.

என் ரெண்டாவது பொண்ணு பொறந்ததும் அதே ஆஸ்பத்திரிலதான். செவ்வாய்க்கிழமை ஆனா மாசமா இருக்குறவங்க எல்லாரும் வருவாங்க, புதன்கிழமை குழந்தைகளுக்கு தடுப்பூசி, அன்னைக்கு அந்த வேப்பமரத்தடியில ஒரே அழுகைச் சத்தமா இருக்கும். முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்க்கு பணமும் சத்து மாவு பெட்டகமும் வந்துச்சு, தவணை லேட்டாத்தான் வந்துச்சு ஆனா வந்துச்சு. எனக்கு அந்தக் காச விட பெருசா தெரியிறது வேற. என் பொண்டாட்டிக்கு வலி வந்த ராத்திரி டியூட்டில இருந்த சிஸ்டர் விடிய விடிய அவ இடுப்ப தேச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. விடிகாலைல குழந்தை பொறந்ததும் வெளிய வந்து, பொண்ணு பொறந்துருக்கு, உள்ள வந்து சந்தோசமா பேசணும், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு வந்தா உள்ள விடமாட்டேன்னு எங்கம்மாகிட்ட கண்டிப்பா சொன்னாங்க. ரெண்டாவதும் பொண்ணுன்னு எங்கம்மா என்ன சொல்லுமோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தத அந்த சிஸ்டர் எப்புடித்தான் கண்டுபுடிச்சாங்களோ தெரியல. இன்னைக்கும் அந்தப் பொண்ணு பொறந்த நாளுக்கு அவங்களுக்கு மிட்டாய் கொண்டுபோய் குடுத்துட்டுத்தான் வருவோம்.

பகல் நேரத்துல இருக்குற குறை எல்லாம் சொல்லி முடிச்சிரலாம், அது பெரிய விஷயம் இல்ல. எங்க பக்கம் டவுன் பஸ் ஒம்பதேகாலுக்கு ஒண்ணு, அத விட்டா பன்னெண்டரைக்கு. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் அதுதான், அதனால மொத்தக் கூட்டமும் அந்த ஒம்பதேகால்லதான் வந்து எறங்கும். எறங்குன அம்பது பேரும் ஒரே நேரத்துல ஓ.பி சீட்டு வாங்க ஓடுவாங்க, திரும்பிப் போற பஸ் ஒண்ணே காலுக்கு, அதுக்குள்ள டாக்டரப் பாத்து, ரத்தம் குடுத்து, ரிசல்ட் வாங்கி, மாத்திரை வாங்கி முடிக்கணும். லேப்ல ரத்தம் எடுக்குற தம்பி வாரத்துல மூணு நாளுதான் இங்க, மீதி நாளு வேற ஆஸ்பத்திரி. அவரு இல்லாத நாள்ல வந்த கெழவிங்க வெறும் வயித்தோட உக்காந்திருந்துட்டு திரும்பிப் போறத நான் நெறைய தடவ பாத்துருக்கேன். அவரு எந்தெந்த நாள் வருவாருன்னு வெளி செவுத்துல ஒரு போர்டு எழுதிப் போட்டா போதும், ஒரு டப்பா பெயிண்ட் செலவு. பாத்ரூம் ஒண்ணு பூட்டியே கெடக்கு, சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒருத்தர ஒருத்தர் கை காட்டுறாங்க. சரி, இதெல்லாம் இருக்கட்டும்.

நான் எழுத வந்தது ராத்திரியப் பத்தி.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல அங்க டாக்டர் கெடையாது. வெளிய 24 மணி நேரமும் இயங்கும்னு பெருசா எழுதியிருக்கு, பொய்யில்ல, கதவு தொறந்துதான் இருக்கும், லைட் எரியும், உள்ள ஒரே ஒரு சிஸ்டர் இருப்பாங்க. ஒரு சிஸ்டர், ஒரு ஆயா, சில நாள் ஆயாவும் இல்ல. அந்த ஒரு சிஸ்டர்தான் பிரசவமும் பாக்கணும், காய்ச்சல்னு வர்ற குழந்தைக்கும் பாக்கணும், குடிச்சிட்டு வண்டில விழுந்தவனுக்கு தையல் போடலன்னு சத்தம் போடுற கூட்டத்தையும் சமாளிக்கணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசில நடந்தத சொல்றேன். எங்க சித்தப்பா, அம்பத்தெட்டு வயசு, நல்ல மழை பேஞ்சு வயல்ல தண்ணி நிக்குதுன்னு ராத்திரி ஏழரை மணி போல மடைய வெட்டி விடப் போனாரு. செருப்பு போடல, சேத்துல செருப்பு எங்க நிக்கும். கைல செல்போன் லைட்டு மட்டும். வரப்புல குக்கர் விசில் மாதிரி புஸ்ஸுனு சத்தம் கேட்டுச்சாம், காலத் தூக்குறதுக்குள்ள கணுக்காலுக்கு மேல போட்டுருச்சு. கண்ணாடி விரியன். அவரே பாத்துட்டாரு. அங்கனயே துண்ட அவுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டு நொண்டிக்கிட்டே ரோட்டுக்கு வந்துட்டாரு, நான் வண்டியோட போறப்ப காலு முழங்கால் வரைக்கும் வீங்கிப்போச்சு. துண்ட அவுத்து விட்டேன், இறுக்கிக் கட்டக்கூடாதுன்னு நம்ம சிஸ்டர்தான் ஒரு தடவ கிராம சபைல வந்து சொல்லியிருந்தாங்க, ரத்த ஓட்டம் நின்னு கால எடுக்குற நெலமைக்குப் போயிரும்னு. பக்கத்து ஊர்ல பச்சிலை குடுக்குறவரு இருக்காரு அங்க போவோம்னு ரெண்டு பேரு சொன்னாங்க, நான் கேக்கல, நேரா பி.ஹெச்.சிக்குத்தான் விட்டேன். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு உள்ள போயிட்டோம், கடிச்சு முக்கால் மணி நேரம்கூட ஆகல.

உள்ள சிஸ்டர் ஒருத்தர். லேபர் ரூம்ல ஒரு புள்ள வலில கத்திக்கிட்டு இருக்கு. சிஸ்டர் கொஞ்சம்கூட பதறல. சித்தப்பாவ படுக்க வச்சு, ஊசி எறக்கி, ஒரு கண்ணாடி டியூப்ல ரத்தம் எடுத்து மேசைல நிக்க வச்சு, யாரும் தொடக்கூடாது ஆட்டக்கூடாதுன்னு சொல்லிட்டு கடிகாரத்தப் பாத்துக்கிட்டாங்க. அது 20 நிமிஷ டெஸ்ட். 20 நிமிஷம் கழிச்சு டியூப சாச்சுப் பாத்தா ரத்தம் உறைஞ்சிருக்கணும், உறையாம தண்ணியா ஓடுனா விரியன் விஷம் ரத்தத்துல வேல காட்ட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அந்த 20 நிமிஷத்துல லேபர் ரூமுக்கும் சித்தப்பா கட்டிலுக்கும் அவங்க எத்தன தடவ ஓடுனாங்கன்னு நான் எண்ணல. டியூப சாச்சாங்க. தண்ணி மாதிரி ஓடுச்சு.

விஷ முறிவு மருந்து அந்த ஆஸ்பத்திரி அலமாரியிலயே இருந்துச்சு ஐயா. நான் என் கண்ணால பாத்தேன், சின்னச் சின்ன பாட்டில்ல பவுடரா. சிஸ்டர் டாக்டருக்கு போன் பண்ணாங்க, டாக்டர் இருக்குறது அறுவது கிலோமீட்டர் தள்ளி டவுன்ல. நான் இல்லாம ஆரம்பிக்காதீங்க, அலர்ஜி ஆச்சுன்னா தனியா என்ன பண்ணுவீங்க, 108-ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்கன்னு அவரு சொன்னாரு. 108 வேற ஒரு கேஸுக்கு போயிருந்துச்சு, வர நாப்பது நிமிஷம். அங்கேருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 47 கிலோமீட்டர், பாதி ரோடு வேல நடந்துக்கிட்டு இருக்கு. மொத பாட்டில் மருந்து சித்தப்பா ஒடம்புல ஏறுனப்ப மணி பத்தே முக்கால். மூணே கால் மணி நேரம்.

பொழச்சுக்கிட்டாரு. ஆனா மறுநாளே ஒண்ணுக்குப் போறது நின்னுருச்சு, கிட்னிய பாதிச்சிருச்சு, ஏழு தடவ டயாலிசிஸ், 26 நாள் ஆஸ்பத்திரி. அங்க நல்லாத்தான் பாத்தாங்க, மருந்துக்கோ டயாலிசிஸுக்கோ எங்கட்ட ஒரு ரூபா வாங்கல, காப்பீட்டு அட்டையும் இருந்துச்சு. ஆனா கூட இருந்த சித்திக்கு சாப்பாடு, போக்குவரத்து, அந்த வெள்ளாமைய கவனிக்க ஆள் இல்லாம போனது எல்லாம் சேத்து தோடு அடகுக்குப் போச்சு, இன்னும் திருப்பல. அங்க இருந்த டாக்டரம்மா கேஸ் சீட்ட படிச்சுட்டு எங்கிட்ட கேட்ட மொத கேள்வி, அங்க மருந்து இல்லையா? இருந்துச்சும்மான்னேன். அவங்க வேற ஒண்ணும் சொல்லல. பேனாவ மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

நான் அந்த டாக்டர குறை சொல்லல. அதுக்கப்புறம் நானா விசாரிச்சேன், தெரிஞ்சவங்கள கேட்டேன். இந்த மருந்த குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா விஷத்த ஏத்தி அது ரத்தத்துலேருந்துதான் எடுக்குறாங்களாம், அதனால சில பேருக்கு ஒடம்பு ஏத்துக்காம தடிப்பு, மூச்சுத் திணறல், பிரஷர் எறங்குறதுன்னு ஆகும், அப்ப உடனே அட்ரினலின் ஊசி போட்டு சமாளிக்க பக்கத்துல ஆள் வேணும். ஒத்த சிஸ்டர் பிரசவத்தையும் வச்சுக்கிட்டு அத எப்புடி செய்வாங்க? அந்தப் பயம் நியாயமான பயம். ஆனா ஆரம்பத்துலயே 10 பாட்டில் வரைக்கும் ஏத்தணும், எவ்வளவு சீக்கிரம் ஏத்துறமோ அவ்வளவுக்கு கிட்னி தப்பிக்கும்கிறதும் நியாயம்தான. அப்ப மருந்து மட்டும் ஊருக்குள்ள இருந்து என்ன பண்ண, போடுறதுக்கு ஆள் ஊருக்குள்ள இருக்கணும்ல.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த மருந்து செய்யிறதுக்கு வேணும்கிற விஷத்த எடுத்துக் குடுக்குறது நம்ம தமிழ்நாட்டு இருளர் மக்கள். சென்னைக்குத் தெக்க வடநெம்மேலில 1978-லேருந்து அவங்க கூட்டுறவு சங்கம் நடக்குது, நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் உயிரோட புடிச்சு, விஷம் எடுத்துட்டு திரும்ப காட்டுலயே விட்டுருவாங்க. அவங்கள்ல ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. உயிரக் குடுத்து அவங்க எடுத்துத் தந்த விஷத்துலேருந்து செஞ்ச மருந்து எங்க ஊர் அலமாரி வரைக்கும் வந்து சேந்துருச்சு, அங்கேருந்து எங்க சித்தப்பா கட்டிலுக்கு பத்தடி, அந்தப் பத்தடிதான் வந்து சேரல. இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்குது.

2024 நவம்பர்ல பாம்புக்கடிய கட்டாயம் தகவல் சொல்லவேண்டிய நோயா நம்ம அரசு அறிவிச்சிருக்கு. எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்கு குடுக்கணும். ரொம்ப நல்லது. அந்தக் கணக்கோட கூட, கடிச்சவரு எத்தன மணிக்கு வந்தாரு, மொத ஆஸ்பத்திரிலயே மருந்து ஏறுச்சா இல்ல எழுதிக்குடுத்து அனுப்பிட்டாங்களான்னும் எழுதச் சொல்லுங்க. கட்டு விரியன் ராத்திரில வீட்டுக்குள்ள தரையில படுத்துருக்குறவங்களத்தான் கடிக்கும், வலியும் இருக்காது, தடமும் சரியா தெரியாது, விடிகாலைல வயித்து வலின்னு எந்திரிப்பாங்க, கண்ணு சொருகும். கண்ணாடி விரியன் பொழுது சாஞ்சப்புறம் வரப்புல கெடக்கும். எங்க பக்கம் நான் ஏத்திட்டுப் போன பூச்சிக்கடி கேஸ் ஒண்ணுகூட பகல் ஓ.பி நேரத்துல வந்தது இல்ல.

அப்ப டாக்டர் ஏன் ராத்திரி தங்கலன்னு கேப்பீங்க. ரெண்டு டாக்டர் போஸ்ட்டு, ஒருத்தர டெபுடேஷன்ல வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க, வருஷம் ஒண்ணாச்சு. இருக்குற ஒருத்தர் இருபத்தேழு வயசுப் புள்ள, தங்கமான மனுசன், ஒரு நாளைக்கு நூத்தம்பது பேரப் பாக்குறாரு, மீட்டிங், கேம்ப்பு, ஸ்கூல் செக்கப்புன்னு வேற. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே டாக்டர் குவார்ட்டர்ஸ் இருக்கு ஐயா! கட்டி இருவது வருஷம் இருக்கும். மேல ஒழுகுது, மோட்டார் ஓடாது, உள்ள ஒடஞ்ச கட்டிலையும் பழைய பைலையும் போட்டு வச்சிருக்காங்க, ஜன்னல் வழியா பாத்தா தெரியும். அந்தப் புள்ள ஒரு தடவ எங்கிட்ட சொன்னாரு, அண்ணே அந்த வீட்டுல தண்ணியும் கதவும் இருந்தா நான் வாரத்துல நாலு நாள் இங்கயே தங்கிருவேன்னு. மேல்தளம் பூசி, ஒரு மோட்டார் போட்டு, வெள்ளை அடிக்க என்ன ஆகும்னு எங்க ஊர் கொத்தனார கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன், ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சிரலாம்னாரு. எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்கள பெரிய ஆஸ்பத்திரில வச்சு டயாலிசிஸ் பண்றதுக்கு அரசுக்கு ஆகுற செலவ விடவா அது அதிகம்?

இத மனுவா எழுதி, ஊர்ல 212 பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுத்தோம். ரசீது வச்சிருக்கேன். உங்க பேப்பர்ல வந்தா இன்னும் நாலு பேரு கண்ணுல படும்னுதான் உங்களுக்கும் எழுதுறேன். நாங்க கேக்குறது ஸ்கேன் மெஷினும் இல்ல, ஏசி வார்டும் இல்ல. டெபுடேஷன்ல போன டாக்டர திருப்பி அனுப்புங்க. அந்த குவார்ட்டர்ஸ மழைக்கு முன்னாடி சரி பண்ணுங்க. ராத்திரிக்கு ரெண்டாவது சிஸ்டர் ஒருத்தர் போடுங்க, வருஷம் பூராவும் முடியலன்னா ஆவணிலேருந்து மார்கழி வரைக்குமாவது போடுங்க. மருந்து ஏத்துறதுக்கும் அலர்ஜி வந்தா சமாளிக்கிறதுக்கும் சிஸ்டர்களுக்கு பயிற்சி குடுத்து, டாக்டர் வீடியோ கால்ல பாத்துக்கிட்டே மொத டோஸ் ஆரம்பிக்கலாம்னு எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க, அப்பறமா 108-ல ஏத்தி அனுப்பட்டும், மருந்து போற வழியிலயே வேல செய்யும்ல.

சித்தப்பா இப்ப நல்லா இருக்காரு, கால் மட்டும் மழை வந்தா வலிக்குதுங்கிறாரு. ரப்பர் பூட்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுத்துருக்கேன், பெரிய டார்ச் லைட்டும் வாங்கிக் குடுத்துருக்கேன். அன்னைக்கு ராத்திரி லேபர் ரூம்ல இருந்த அந்தப் புள்ளைக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, தாயும் பிள்ளையும் சொகம், ஒத்தை ஆளா நின்னு அந்த சிஸ்டர்தான் பாத்தாங்க. மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போன அவங்க எங்க நம்பர தேடிப் புடிச்சு போன் பண்ணி, உங்க சித்தப்பாவுக்கு ஒண்ணுக்கு போகுதான்னுதான் மொதல்ல கேட்டாங்க.

நேத்து எங்க பக்கம் மொத மழை பேஞ்சிருக்கு.

இப்படிக்கு,
ஒரு குட்டி யானை டிரைவர்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)